ரெஜினா, உன் சிப்பி கரைந்தது

எங்கள் வீட்டுக்குக் கடலையும் சிரிப்பையும் சேர்த்துக் கொண்டுவந்த ரெஜினாவுக்கு,

உன் சிப்பி கரைந்துவிட்டது! முப்பது குன்றிமணி எடை இருந்தது, இன்று இருபத்தாறுதான். குருநகர்க் கோயில் மண்டபத்தில், உன் அம்மாவின் கண்முன்னால், பத்தரிடம் இரவல் வாங்கிய நகைத் தராசில் நிறுத்தேன். வென்றுவிட்டோம் மச்சாள். இதை முதலில் உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

நினைவிருக்கிறதா? நீ என் அண்ணையைக் கட்டி மருதனார்மடத்துக்கு வந்த புதிது. இரசாயனம் படிப்பிக்கும் நான், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு பரிசோதனை தேடிக்கொண்டிருந்தேன். காற்றில் உள்ள, நாம் மூச்சில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவைக் கடல் உறிஞ்சுகிறது, அது கூடினால் தண்ணீர் மெல்லப் புளிக்கும், புளித்த தண்ணீர் சிப்பியின் சுண்ணாம்பைக் கரைக்கும் என்றேன். நீ மீன் வெட்டிய கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாய்.

"விசர்க்கதை கதையாதை. கடல் சிப்பியைக் கரைக்குமெண்டால் எங்கடை கரையிலை குவிஞ்சு கிடக்கிற உது என்ன, அவலோ?"

கரையில் கரையாது, ஆழத்தில்தான் என்றேன். வெகு ஆழத்தில் அந்த வாயு அதிகம். மேலிருந்து விழும் ஓடுகள் ஓர் எல்லைக்குக் கீழே போனால் மிஞ்சாது. எந்தக் காலத்துக் கடலடிச் சேற்றில் ஓடு இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்தால், கடல் அந்தந்தக் காலத்தில் எவ்வளவு காபனை விழுங்கியது என்று கணிக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப காட்டு. கண்ணாலை காணாமல் நான் நம்பமாட்டன்" என்றாய். தொட்டுப் பார்த்தே நம்பிய தோமையாரைக் கும்பிடுகிறவள் அல்லவா!

எதை வைத்துக் காட்டுவது? பொருளாதாரத் தடை வந்தபிறகு எங்கள் ஆய்வுகூடத்து அமிலப் போத்தல்கள் காய்ந்து கிடந்தன. வழி சொன்னவள் நீதான். கள்ளு நுரைத்துப் பொங்குகிறதே, அதற்குள் இருப்பது என்ன வாயு என்று கேட்டாய். அதே வாயு! கள்ளுப் போத்தலின் வாயை மெழுகால் அடைத்து, சேலைன் குழாயைச் செருகி, மறுமுனையைக் கடல்நீருக்குள் விட்டோம். கடல்நீரும் சிப்பியும் நீ கொண்டுவந்தாய். கடல்நீரை ஊற்ற மண்முட்டி தந்தவள் நான். எங்கள் வீட்டுக் கொட்டிலில் கிடந்தது. அண்ணை நாள்தோறும் புதுக் கள்ளு கொண்டுவந்தார். போத்தல் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வந்தது, அது வேறு கதை.

பத்தாம் நாள் கண்காட்சி. நிறுத்தால் அதே முப்பது. எங்கள் பள்ளிக்கூட அதிபர் எல்லோருக்கும் கேட்கும்படி, "ரீச்சர், பள்ளிக்கூடத்துக்குள்ளை கள்ளு வந்ததுதான் மிச்சம்" என்றார். மண்டபமே சிரித்தது. நான் தலை குனிந்து நின்றேன். நீ எழும்பினாய்.

"ரீச்சர் சொன்னதிலை பிழையில்லை, ஐயா. என்ரை சிப்பியிலைதான் ஏதோ பிழை. வேறை கொண்டு வாறன்."

நீயாக ஏற்றுக்கொண்ட அந்தப் பழியை நான் மறுக்கவில்லை. அதுதான் இன்றுவரை என் நெஞ்சில் கிடந்த முள். வேறு சிப்பி கொண்டுவர உனக்கு நாள் கிடைக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் வந்தது, மருந்து வரவில்லை. கட்டிலில் கிடந்தும், "என்ரை சிப்பிதான் உனக்கு வெக்கத்தைத் தந்தது, என்னடி?" என்று கேட்டாய். நான் அழுதேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல என்னிடம் காரணம் இருக்கவில்லை.

நீ எங்களை விட்டுப் போன முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சாமான்களைக் கழுவும்போது அந்த முட்டி கையில் வந்தது. உள்ளே பார்த்தேன். மேல்பக்கம் வெள்ளை. கடல்நீர் நின்ற மட்டத்துக்குக் கீழே வெறும் மண் நிறம். நடுவே கீறிவிட்டது போல ஒரு கோடு. அது கருப்பநீர் முட்டி, ரெஜினா! பனையில் இறக்கும் கருப்பநீர் புளிக்காமலிருக்க உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். கரையில் பிறந்த உனக்குத் தெரியாமல் இருக்கலாம். பனைக்குக் கீழே வளர்ந்த எனக்கு? வாயு முட்டியின் சுண்ணாம்பைத்தான் முதலில் தின்றிருக்கிறது. உன் சிப்பிவரை அது வரவேயில்லை.

ஆழ்கடலின் அடியிலும் இதுதான் நடக்கிறது. அங்கே கிடக்கும் சுண்ணாம்புச் சேறு, தான் கரைந்து கடலின் புளிப்பைத் தணிக்கிறது. எதுவரை கரைந்தது என்ற அடையாளத்தையும் விட்டுவைக்கிறது. நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த எல்லை எங்கள் முட்டிக்குள் இருந்தது! கிணற்றடியில் நின்று கத்தினேன். அண்ணை பயந்துபோய் ஓடிவந்தார்.

பிறகு என்ன, முட்டிக்குப் பதில் கண்ணாடிப் போத்தல், அதே சிப்பி, புதுக் கள்ளு, பத்து நாள். இன்று சிப்பி இருந்த தட்டு மேலே எழும்பியபோது, அழைத்து வந்திருந்த அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னது பிழை, ரீச்சர்" என்றார். உன் அம்மா அதைக் காதில் வாங்கவேயில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என்ரை பிள்ளையின்ரை சிப்பியிலை பிழை இல்லையோ?"

"இல்லை மாமி. பிழை நான் குடுத்த முட்டியிலை" என்றேன், மண்டபத்துக்கே கேட்க.

மாமி சிப்பியை எடுத்து முத்தமிட்டார். உன்னோடு மீன் விற்ற பெண்கள் கைதட்டிய சத்தம் கடற்கரைவரை கேட்டிருக்கும். போத்தல் நீரை உங்கள் கரையிலேயே ஊற்றிவிட்டு வந்தேன். கரைந்துபோன அந்த நாலு குன்றிமணி அதற்குள்தான் இருக்கிறது. எந்தக் குஞ்சுச் சிப்பி அதை எடுத்துத் தனக்கு ஓடு கட்டப்போகிறதோ?

முட்டியை ஆய்வுகூட அலுமாரியில் வைத்திருக்கிறேன். யாரையும் கழுவ விடமாட்டேன். ஒவ்வொரு புது வகுப்புக்கும் அந்தக் கோட்டைக் காட்டுவேன். கடலைப் பற்றிச் சொல்வதற்கு முன், பிழை யாருடையது என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

முட்டிக்குள் பாராமல் எடுத்துத் தந்த உன் மச்சாள்,
கௌரி