அம்மா உடைத்துவைத்த குளிசைகள்

என் ஆசை அப்பா,

உங்கள் ஆண்டு நினைவுக்குப் பூசை கொடுத்துவிட்டோம். அழ வேண்டியதைக் கோவிலிலேயே அழுது முடித்துவிட்டேன். இந்தக் கடிதம் அம்மாவைப் பற்றிய முறைப்பாடு.

மொன்றியலில் இப்போது பன்றிக் காய்ச்சல். உலகம் முழுக்கத்தான். தடுப்பூசிக்காகச் சனம் குளிருக்குள் நீள வரிசையில் நிற்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பிரஷர், நீரிழிவு உள்ளவர்களுக்கும் முறை வரும் என்றார்கள். அம்மாவின் கண் வரிசையிலேயே நின்றது.

"சனம் வரிசையில நிக்குதெண்டால் சாமான் முடியப்போகுது, பிள்ளை."

நான் சிரித்தேன். சில வாரங்களில் அம்மாவுக்குத் தலைச்சுற்று தொடங்கியது. ஒருநாள் குசினியில் விழப் பார்த்தார். கிளினிக்கில் அளந்தால் பிரஷர் எங்கேயோ ஏறி நின்றது. குடிக்கும் மருந்து போதவில்லையாக்கும் என்று டாக்டர் இன்னொன்றும் எழுதித் தந்தார். அம்மா அந்தத் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். நல்ல காலம், அதை வாங்குமுன் பழைய பால்மாத் தகரப் பேணி ஒன்றைத் திறந்தேன். உள்ளே பாதி பாதியாக உடைத்த பிரஷர்க் குளிசைகள்.

யாழ்ப்பாணத்தில் சண்டையால் பாதை பூட்டி, மருந்துக்குக் கப்பலைப் பார்த்துக் கிடந்த காலத்தில் நீங்கள் இருவரும் பாதி குடித்துப் பாதி மிச்சம் பிடித்ததை, அம்மா இங்கே லாசால் வீட்டில் தனியாகச் செய்திருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அம்மா அன்று கண்டது உண்மையான பேய் அல்லவா? சொல்லாமல் விட்டேன்.

மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனேன். "பாருங்கோ அம்மா, தட்டு நிறைஞ்சு கிடக்கு."

"அங்கையும் பாதை பூட்ட முதல்நாள் நிறைஞ்சுதான் கிடந்தது."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள், அப்பா? டோர்வலில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலையிடத்தில் மேலதிகாரிகளோடு வாய்க்கு வாய் கதைப்பவள் நான். அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவே கதையைத் தொடங்கினார். "கடைசி மாசம் கொப்பர் தன்ர பாதியையும் என்ர போத்தலுக்குள்ளதான் போட்டு வைச்சவர். கேட்டால், குடிச்சிட்டன் எண்டுவார். அவர் விழுந்தாப்பிறகுதான் நான் கண்டனான். இப்ப முழுசை வாயில வைச்சால் அவற்ற பங்கையும் நானே பறிச்சுக் குடிக்கிற மாதிரிக் கிடக்கு."

உங்களுக்குப் பாரிசவாதம் வந்து, நீங்கள் எங்களை விட்டுப் போன கதை எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. கோபம் வந்தது. ஒரு சொல் சொல்லாமல் இப்படியா அன்பு காட்டுவது? சொல்லியிருந்தால் அம்மா விட்டிருக்கமாட்டார் என்பதும் தெரியும். அதனால்தான் பொய் சொன்னீர்களா?

நான் விடவில்லை. "ஓம் அம்மா, அவற்ற பங்குதான். உங்களுக்கெண்டு தந்தது. பேணிக்குள்ள போட்டு வைக்கவோ தந்தவர்?"

 பஸ் வந்தது, ஏறினோம். மறுநாள் காலை என் முன்னால் முழுக் குளிசையையும் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு சிறுபிள்ளை மாதிரிக் கேட்டார்: "கோவிக்கமாட்டாரோ?"

கோவிக்கமாட்டீர்கள் என்று உங்களைக் கேளாமலே சொல்லிவிட்டேன். இப்போது பிரஷர் இறங்கி வருகிறது. தடுப்பூசியும் போட்டாயிற்று. சில காலைகளில் அம்மாவின் விரல்கள் இன்னும் குளிசையை உடைக்கத்தான் பார்க்கின்றன. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

காய்ச்சல் வரட்டும், பனி வரட்டும், எந்தப் பாதையும் பூட்டட்டும். நான் இருக்கும்வரை அம்மா பாதி மருந்தில் சீவிக்கமாட்டார். இது சத்தியம். நீங்கள் அங்கே தனியாக இருப்பீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவை இப்போதைக்கு உங்களிடம் அனுப்புவதாக இல்லாத,
உங்கள் மூத்த மகள்
ஜெனி