நாற்பத்திரண்டாம் நம்பர் சட்டை

பிப்ரவரி 6

இன்று ஒரு சுற்றறிக்கை வந்தது. பணி நிமித்தம் பயணிகள் விமானத்தில் செல்லும் படையினர் இனிச் சீருடையில் செல்லலாமாம். விமானத்தில் முதலில் ஏற்றுவார்கள். பெட்டிக்குப் பத்து கிலோ கூடுதலாக விடுவார்கள். படித்துவிட்டுக் கோப்பில் போட்டேன். பதினேழு வருடமாக ராணுவத்தில் இருக்கிறேன், துணிக்கிடங்கில். எதிரி என்று நான் நேரில் கண்டது எலி, கரப்பான், அந்துப்பூச்சி. எலியிடம் மட்டும் ஒருமுறை பின்வாங்கியிருக்கிறேன். கிடங்கில் எனக்கு ‘சாக்ஸ் கமாண்டர்’ என்று பெயர். யார் வைத்தது என்று விசாரித்துப் பார்த்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் வைத்ததாகத் தெரிகிறது.

பத்து கிலோ விஷயத்தை வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தலைநகரத்துலதானே உங்க கிடங்குக்காரங்க கூட்டம்? அப்ப அந்தத் தையல் மெஷின என் தங்கச்சிகிட்ட சேத்துடுங்க."

"அது ராணுவத்துக்குக் குடுக்கற சலுகை."

"நானும் பதினேழு வருஷமா ராணுவத்தோடதான் குடும்பம் நடத்தறேன்."

இதற்குப் பதில் சொல்லும் பயிற்சி எனக்கு அளிக்கப்படவில்லை.

பிப்ரவரி 9

சீருடைச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். கிடங்கில் சாம்பல் நிற மேலங்கியோடு காலம் தள்ளுகிறவனுக்கு இந்தச் சட்டை வருடத்துக்கு ஒருமுறைதான். இந்த வருடம் அதன் இரண்டு கரைகளும் பேச்சுவார்த்தைக்கே வர மறுத்துவிட்டன. நடுவில் என் வயிறு, யார் பக்கமும் சாயாமல்.

நாற்பத்திரண்டாம் நம்பர் வேண்டும். புதுச் சரக்கில் இல்லை. அந்த அளவில் ஒரு சிப்பாய் இருக்கக்கூடும் என்று தலைமையகம் நம்புவதில்லை. திரும்பி வந்த துணி மூட்டையில் ஒன்றே ஒன்று கிடைத்தது. மலைப்படையினுடையது. அவர்கள் உள்ளே கம்பளி போட்டுக்கொண்டு மேலே அணிகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் தாராளமாகத் தைப்பார்கள். இரு தோளிலும் வெள்ளைச் சிகரச் சின்னம் தைத்திருந்தது.

பிற பிரிவின் சின்னம் அணிவது குற்றம். இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கிடங்குச் சுவரில் அந்த அறிவிப்பை எழுதி ஒட்டியவனே நான். பிரிப்பதற்கு ஊசியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். ஊசியை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவுக்கு வரும்.

முதலில் ஏற்றினார்கள். இருநூறு பேர் வரிசையில் நிற்க, நான் ஒருவன் மட்டும் நடந்து போனேன். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை. உள்ளே பணிப்பெண் என் தோளைப் பார்த்தாள். பின்வரிசைச் சீட்டை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார வைத்தாள். பிறகு ஒலிபெருக்கியில், "உறைபனியில் நமக்காகக் காவல் நிற்கும் வீரர் ஒருவர் இன்று நம்மோடு பயணிக்கிறார்" என்று அறிவித்தாள். கைதட்டினார்கள். யாருக்கு என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்து இருக்கையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா. தலைநகரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாராம். விமானம் மேலே எழும்பியதும் என் தோளைத் தொட்டார்.

"தம்பி, மலைப்படைதானே? என் பையனும் அங்கதான். பத்தொம்பது நாளா ஃபோன் இல்ல. அவன் ஆபீசுக்குப் போட்டா, சொல்றோம் சொல்றோம்னே சொல்றாங்க. எதையும் சொல்லல."

கைப்பேசியில் படத்தைக் காட்டினார். உயரமான பையன், பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

"அம்மா, இந்தச் சட்டை என்னுடையது இல்லை. நான் கிடங்கில் துணி கொடுக்கிறவன்." சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் காதில் இன்னும் கைதட்டல். முன்வரிசையில் கால் நீட்ட அத்தனை இடம்.

"தெரியும்மா," என்றேன். "நல்லா இருக்கான். அங்க சிக்னல் கிடைக்காது, அவ்வளவுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்காமலே, "போன வாரம் பாத்தேன். காலைல ஓடும்போது எப்பவும் அவன்தான் முன்னாடி" என்றும் சேர்த்துக்கொண்டேன். மட்டமான எழுத்தாளன் செய்வதுபோல, பொய்க்கு வலுவூட்ட ஒரு விவரம்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். தரையிறங்கும்போது சக்கரம் தட்டிய சத்தத்துக்குத்தான் விழித்தார். ஒரு சீட்டில் மகன் பெயர், படை எண், தன் கடை முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

"பாத்தா அம்மா கேட்டேன்னு சொல்லுங்க தம்பி."

சொல்வதாகச் சொன்னேன்.

பிப்ரவரி 12

தையல் மெஷின் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. நான் இன்னும் சேரவில்லை.

பிப்ரவரி 15

ஊர் திரும்பினேன், கட்டம் போட்ட சட்டையில். மலைப்படை அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். நீ யார் என்று கேட்டார்கள். துணிக்கிடங்கு என்றேன். "கையுறை பத்தியா?" என்றான் ஒருவன். ஆள் பற்றி என்றதும் வைத்துவிட்டான்.

நன்றாகத்தான் இருப்பான். சிக்னல் கிடைக்காது என்று நான் சொன்னது நிஜமாகவே இருக்கலாம் அல்லவா? இதை இன்று நாலு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாவது தடவை கொஞ்சம் நம்பினேன். என் திறமையை நான் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 21

எழுத வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

காலையில் வந்த கோரிக்கைப் படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று: ‘பூட்ஸ், அளவு ஒன்பது, இடது கால், எண்ணிக்கை ஒன்று.’ இப்படி வருடத்துக்கு ஐந்தாறு வரும். எங்கள் விதிப்படி பூட்ஸ் ஜோடியாகத்தான் கொடுப்போம். ஒற்றை எடுத்தால் மீதி ஒற்றை என் இருப்பில் நின்றுவிடும். அதற்கு ஒரு வாசகம் வைத்திருக்கிறேன், கை தானாக எழுதும். சிவப்பு மையில் எழுதினேன்: ‘ஜோடியாக மட்டுமே வழங்கப்படும். திருத்தி அனுப்பவும்.’

கையெழுத்தும் போட்ட பிறகுதான் பெயரைப் பார்த்தேன். எண்ணைப் பார்த்தேன். மேசை இழுப்பறையில் இருந்த அந்த அம்மாவின் சீட்டை எடுத்து வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். ஒன்பது எண். ஒன்பதும் ஒத்துப்போயின.

ஓடும்போது அவன்தான் முன்னாடி. இதைச் சொன்ன வாயை என்ன செய்வது?

இன்னொன்று. இத்தனை வருடத்தில் இந்த வாசகத்தை எத்தனை படிவத்தில் எழுதியிருப்பேன்? ஒரு கால் இல்லாதவன் எதற்கு ஒரு பூட்ஸ் கேட்கிறான் என்று ஒருநாளாவது யோசித்தேனா? இத்தனை புத்தகம் படித்தேன். கிடங்கு மூலையில், சாக்ஸ் மூட்டைமேல் உட்கார்ந்து, மனித மனத்தின் ஆழம் என்று பக்கம் பக்கமாகக் கோடு போட்டுப் படித்தேன்.

பிப்ரவரி 22

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம். பூட்ஸைக் கையில் கொண்டுபோனேன், ஜோடியாக.

பையன் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தான். வலது காலில் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"ரெண்டு இருக்கே சார். நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"விதி அப்படி."

"இந்த விதி எழுதினவருக்கு எத்தனை கால்?"

நான் சிரிக்கவில்லை. அவன் சிரித்தான். பிறகு நான் யார், எதற்கு வந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, சின்னம், விமானம், பக்கத்து இருக்கை. ஓட்டத்தையும் விடவில்லை.

அவன் பூட்ஸ் பெட்டியை மூடினான்.

"ஓ. அதான் விஷயமா?" என்றான். கைப்பேசியை எடுத்துக் காட்டினான். "முதல்ல தினமும் திட்டித் திட்டி மெசேஜ் வரும். பதினோராந்தேதிக்கு அப்புறம் அப்படியே மாறிடுச்சு. வெறும் வயித்துல ஓடாதே. ஓடிட்டு வந்ததும் பச்சத்தண்ணி குடிக்காதே. எங்கம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னே நினைச்சேன் சார்."

"வீட்டுக்கு ஏம்பா சொல்லல?"

"நானே சொல்லிக்கறேன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். நடக்கப் பழகிட்டு, அப்புறம் போய் நின்னு சொல்லலாம்னு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "இன்னும் நிக்கவே வரல."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"ஆரம்பிச்சது நீங்க. நீங்களே முடிங்க. ஃபோன்ல வேணாம். கடைல தனியா இருப்பாங்க."

பிப்ரவரி 23

விடுப்புக் கேட்கப் போனேன். காரணம் கேட்டார் அதிகாரி. சட்டையிலிருந்து ஆரம்பித்தேன்.

"யாருக்கும் தெரியாதுல்ல? அப்ப எதுக்குய்யா வந்து சொல்றே?"

"தெரியணும் சார்."

"ஒரு பட்டன் கம்மின்னு என் கோட்டையே திருப்பி அனுப்பினவன் நீ." அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை போலும். எழுத்து மூலம் கண்டனம். ஓராண்டுக்குச் சீருடையில் பயணம் கிடையாது. விடுப்பு மூன்று நாள். கண்டனக் கடிதத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. திருத்தித் தரட்டுமா என்று கேட்க வாய் எடுத்தேன். வாழ்வில் முதல்முறையாக மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 25

கடைசி வரிசை, கழிவறைக்கு எதிரில். யாரும் என்னை ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை. அதற்காக வருத்தப்படும் பகுதி ஒன்று எனக்குள் இன்னும் இருப்பதைக் கவனித்தேன்.

கடையில் அந்த அம்மா யாருக்கோ எழுத்துப் பலகையை வைத்துக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. முதலில் அடையாளம் தெரியவில்லையாம்.

"சட்டை வேற மாதிரி இருக்கவும் தடுமாறிட்டேன் தம்பி. உட்காருங்க, டீ சொல்றேன்."

நான் உட்காரவில்லை. வந்தவர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். கால் போனதை முதலில் சொல்ல வேண்டும், என்னைப் பற்றியது பிறகு என்று விமானத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். என்னைப் பற்றி முதலில் சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். அவர் மகன் செய்தி என் கதைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். இதையாவது சரியாகச் செய்தேன்.

அவர் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்தார். "எந்தக் காலு?" என்று கேட்டார். சொன்னேன்.

"உசுருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. சிரிக்கறான். என்னக் கிண்டல் பண்றான்."

"நீங்க அவனப் பாத்ததே இல்லையா அப்ப?"

"அப்ப பாத்ததில்லம்மா. மூணு நாளைக்கு முன்னாடிதான் பாத்தேன்."

தலையை ஆட்டினார். டீ வந்தது. வாங்கி என் கையில் கொடுத்தார். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 26

அவரை அழைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். ஏறும் இடத்தில், சீருடையில் உள்ள படையினர் முதலில் வரலாம் என்றார்கள். எங்கிருந்தோ ஓர் இளைஞன், முழுச் சீருடையில், கொஞ்சம் கூச்சத்தோடு முன்னால் போனான். கைதட்டினார்கள். அந்த அம்மா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கால்களில் பார்வை நின்றது. கைதட்டவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் வரிசையில் என் இடத்திலேயே நின்றேன்.

வழி முழுவதும் அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. தூங்கவும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில், "நீங்க வர வேணாம்" என்றார். திரும்பிவிட்டேன்.

மார்ச் 4

ஒற்றை பூட்ஸும் வழங்கலாம் என்று விதியைத் திருத்தக் கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினேன். உரிய படிவத்தில் கேட்கவும் என்று பதில் வந்தது. சிவப்பு மையில்.

மார்ச் 12

மனைவி கேட்டாள், "அந்தம்மா கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"நீங்க கூப்பிடலாம்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

"இருக்கறது ஒண்ணுதானே?" என்றாள். கூப்பிடவில்லை.

மார்ச் 19

மதியம், துணிக்கட்டு பிரித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அவர்தான். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாராம்.

"தம்பி, உங்கள என்ன சொல்றதுன்னு இத்தனை நாளா யோசிச்சிட்டு இருந்தேன். நீங்க சொன்னது பொய். ஆனா அந்தப் பதினாலு நாள் நான் நல்லா தூங்குனேன். அதுக்கு முன்னாடியும் தூங்கல, இப்பவும் தூங்கல. அதுக்கு உங்களத் திட்டறதா என்னன்னு எனக்கே தெரியல."

எனக்கும் தெரியவில்லை. அதையே சொன்னேன்.

"சரி, அது கிடக்கட்டும். இன்னிக்குக் காலைல செயற்கைக் கால மாட்டினாங்க. கட்டில்லேர்ந்து ஜன்னல் வரைக்கும் போனான். நாலு அடி. ரெண்டாவது அடில விழப்போனான், யாரையும் பிடிக்க விடல. இது நானே பாத்தது. அதான் உங்ககிட்ட சொல்றேன்."