ஓவியத்துக்கு ஒத்திகை

அக்டோபர் 3

காலையில் ரஃபத் மொச்சைக் கிண்ணத்தை என் நெற்றியில் பட விசிறியடித்தார். அவருடைய மனைவியின் வளையலை நான் திருடிப் போட்டிருக்கிறேனாம்! அந்த மனைவியே நான்தான் என்பது மறந்துபோயிற்று. அலெக்சாந்திரியாவில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன்.

குவைத்திலிருந்து மகன் ஹிஷாம் வீடியோவில் பேசினான். நெற்றிக் காயம் படியில் விழுந்ததால் என்றேன். நம்பவில்லை. “பொய் சொல்லாதீங்க உம்மா. வாப்பாவ முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்.” சேர்த்தால் தாங்குவாரா?

அக்டோபர் 8

டாக்டர் சொன்னாரே என்று ஓவிய அருங்காட்சியகம் போனோம். மறதி நோய்க்காரர்களுக்கும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் வாராவாரம் கூட்டம். ஷஹீரா என்ற பெண் ஒரு படத்தின் முன் உட்காரவைத்து, என்ன தெரிகிறது என்று கேட்கிறாள். எல்லோரும் ஏதோ சொன்னார்கள். இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மானமே போயிற்று.

ஆனால் அந்த ஒரு மணி நேரம் கத்தவில்லை, அடிக்கவில்லை. நான் மூச்சு விட்டேன். இப்படியே ஊமையாக இருந்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ?

அக்டோபர் 9

அடுத்த வாரப் படத்தை அச்சிட்ட அட்டை வாங்கிவந்தேன், வீட்டிலேயே பழக்கிவிடலாம் என்று. வாய்க்காலில் ஒருத்தி துணி துவைக்கிறாள். “தண்ணி பச்சையா இருக்கு. சொல்லுங்க.” சொல்லவில்லை.

அக்டோபர் 12

திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். தலையைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். “அடிக்காதீங்க டீச்சர்.”

நான் என்ன பேயா?

அக்டோபர் 14

இன்றும் நான் அவரை விடவில்லை. டிராமில்கூட அட்டையைக் காட்டிச் சொல்லச் சொன்னேன்.

அக்டோபர் 15

அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன், சொல்லிக்கொடுக்க வசதியாக. ஷஹீரா கேட்டதும் அவர் கையைக் கிள்ளினேன். அவள் பார்த்துவிட்டாள்.

“இது பரீட்சை இல்ல, ஹிஷாம் உம்மா. அவர் பேசாட்டியும் வரலாம். உங்களுக்கு என்ன தெரியுது, அதைச் சொல்லுங்க.”

எனக்கா? என்னை யார் இப்படிக் கேட்டார்கள், இத்தனை நாளில்? வாயைத் திறந்தேன். “எங்கயாவது ஓடிப்போயிடணும் போல இருக்கு.” அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன் — யா அல்லாஹ்.

ரஃபத் திரும்பிப் பார்த்தார். படத்தையல்ல, என்னை. மெதுவாக எழுந்தார்.

“இந்தம்மா ரொம்பக் களைச்சிருக்காங்க,” என்றார் ஷஹீராவிடம். “இங்க உட்காரட்டும்.”

தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு நின்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 16

ஹிஷாம் பேசினான். எப்படி இருக்கிறீர்கள் என்றான். வழக்கம்போல நன்றாயிருக்கிறேன் என்று சொல்லத்தான் போனேன்.

“என்னால தனியா முடியலடா. கிளம்பி வா,” என்றேன்.