பின்சீட்டு மூட்டை

அன்புள்ளவளுக்கு,

பாலசமுத்திரத்தில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம்தானே? விமான இறக்கையை வெளியே எடுக்க இடித்த சமையலறைச் சுவரைத் திரும்பக் கட்டிவிட்டேன். விமானமும் ஒருவழியாக முடிந்தது. உடம்புதான் ஓய்ந்துவிட்டது.

பின்சீட்டில் நீ இருப்பாய் என்று உன் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கட்டியது அது. போன மாதம் தனியாக ஓட்டிப் பார்த்தேன். மூக்கு எழும்பவே இல்லை. உன் எடைக்குச் சின்ன வெங்காய மூட்டையை வைத்து பெல்ட் போட்டேன். எழும்பியது.

வெல்டர் நைனா முகமது சிரித்தார். "பேட்டரிய வாலுக்கு மாத்திருங்கண்ணே. பெறகு பின்னால ஆளே வேணாம்" என்றார். செத்த நேர வேலைதான்.

பேட்டரி இன்னும் முன்னால்தான் இருக்கிறது. மூட்டையில் வெங்காயம் முளைவிட்டுவிட்டது.

இப்படிக்கு,
முன்சீட்டுக்காரன்