வடக்குத்து பால்வாடிக்கு வெள்ளையடிக்க

என்னங்க,

நானும் நான்சியும் வடக்குத்து பால்வாடிக்குப் போறோம். அவ ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் அப்பா அம்மாவோட சேர்ந்து இன்னிக்கு அங்க வெள்ளையடிக்கிறாங்க. "சுண்ணாம்பு அடிக்கவா பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்?"னு நேத்து கத்தினீங்க. மைன்ஸ்ல உங்ககூட கான்ட்ராக்ட்ல வேலை பாக்குறவங்க பிள்ளைங்கதாங்க அங்க இருக்கு.

ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் சாம்பாரைச் சூடு பண்ணிக்குங்க. அப்பளம் டப்பாவுல இருக்கு. வெளிய கிளம்பினா சாவியை எதிர்வீட்டு கஸ்தூரியம்மாகிட்ட குடுங்க.

ஜெயசெல்வி

பி.கு.: "எங்கப்பா நல்ல உயரம், மேல்சுவரை அவருதான் அடிப்பாரு"ன்னு மிஸ்கிட்ட சொல்லி வச்சிருக்கா நான்சி. கிளம்பும்போது, "அப்பாவுக்கு ஷிப்டா, இல்ல வரப் பிடிக்கலையா?"ன்னு கேட்டா. ஷிப்ட் முடிஞ்சதும் வருவாருன்னு சொல்லிட்டேன்.

அஞ்சு மணி வரைக்கும் அங்கதான் இருப்போம்.