உன் பெட்டியைத் தூக்கியவன்

எர்லியன் எல்லை நிலையம்,
மூன்றாம் மாதம், பதினோராம் தேதி

மகன் புயானுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு நலம். மனதுக்கு நலமா என்று கேட்காதே, கேட்கும் யோக்கியதை உனக்கில்லை.

போன செவ்வாய்க்கிழமை உலான்பாத்தரிலிருந்து பெய்ஜிங் போகும் வண்டி எங்கள் நிலையத்துக்கு வந்தது. வழக்கம்போலக் கொட்டகைக்குள் தள்ளி, பெட்டி பெட்டியாக ஜாக்கியில் தூக்கி, உங்கள் மங்கோலியத் தண்டவாளத்துச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நாலு விரல் அகலம் குறைந்த எங்கள் சீனத் தண்டவாளத்துச் சக்கரங்களை மாட்டினோம். ஐந்தாம் பெட்டியில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. "மெதுவா ஏத்துங்கடா, மேல புள்ள அழுவுது" என்று நான்தான் ஆட்களை அதட்டினேன். யார் பெற்றதோ என்று இரக்கப்பட்டேன், மடையன். நேற்று பெய்ஜிங்கிலிருந்து திரும்பி வந்த அந்தப் பெட்டியின் பணிப்பெண் சொலோங்கோ சொல்கிறாள், "அண்ணே, அது உங்க பேத்தி. உங்க மஞ்சத் தொப்பியப் பாத்ததும் உங்க மகன் திரைய இழுத்து விட்டுட்டாரு" என்று. மூன்று மணி நேரம் என் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தாயடா! ரயில் வேலை வேண்டாமென்று நீ எல்லை தாண்டியபோது, இனி என் வாசற்படி மிதிக்காதே என்றேன். சொன்னேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அப்பன் ஆத்திரத்தில் சொன்னதை ஆறு வருடமாகக் கல்வெட்டாக வைத்துக்கொள்வதா? அப்படியே வைத்தாலும், ரயில் நிலையம் என்ன என் வாசற்படியா? கல்யாணம் செய்ததையும் சொல்லவில்லை. மருமகள் பெயரைக்கூடச் சொலோங்கோவிடம் கேட்க எனக்கு வெட்கமாயிருந்தது. உன் அம்மா ஊரில் யார் பயணம் போனாலும் பின்னாலேயே ஓடிக் கரண்டியால் பால் தெளித்து வாழ்த்தி அனுப்புகிறவள். சொந்தப் பேத்தி ஊர் வழியாகப் போனபோது வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, "எல்லாம் உங்க வாய்தான்" என்ற ஒன்றைத் தவிர. பெய்ஜிங்கில் இப்போது மணற்காற்று வீசும், குழந்தையின் காதை மூடித் தூக்கிப் போ.

நீ தங்கியிருக்கும் விடுதியின் முகவரியையும் சொலோங்கோவிடம்தான் பிடுங்கினேன். பதினெட்டாம் தேதி திரும்புகிறாயாம். அம்மா பால் கிண்ணத்தோடு நடைமேடையில் நிற்பாள். வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளும் முன் மூவரும் இறங்கிவிடுங்கள். இல்லையென்றால் உன் பெட்டி ஜாக்கியிலேயே நிற்கும், கீழே இறங்காது. முப்பத்தொரு வருடத்தில் என்னால் ஒரு வண்டியும் ஒரு நிமிடம் தாமதித்ததில்லை. அந்தக் கெட்ட பெயரை எனக்கு வாங்கித் தராதே.

பேத்திக்கும் மருமகளுக்கும் நூறாண்டு ஆயுள். உனக்கு நேரில்.

அப்பா,
கல்சான்