கிரீஷின் காருக்கு ஆயில் மாற்றிய அன்று

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாளவிகாவுக்கு,

உன் மாமனார் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மெல்பர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு ஆபீஸ் போ. போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் கார் விற்கிற பேப்பர்களோடு இதையும் கூரியரில் வைக்கிறேன். பென்சிலில் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஆமாம், காரைக் கொடுக்கிறோம். கிரீஷ் தவறின அந்த மாசமே நீ சொன்னாய், "அவர் ஓட்டின வண்டி, பார்க்க முடியலை, கொடுத்துடலாம்" என்று. அவனைப் பெற்றவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நானும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உறை போட்டுக் கீழே நின்றது. எப்போதாவது நான் எடுப்பேன். எனக்கும் அவனுக்கும் ஒரே உயரம், சீட்டை நகர்த்த வேண்டி வந்ததில்லை.

போன மாதம் லஸ் பக்கம் போனபோது கியர் மாறும்போதெல்லாம் வண்டி உதறியது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில் கெட்டுவிட்டது, விட்டுவிட்டுப் போங்கள், மாற்றி வைக்கிறோம் என்றார்கள். விட்டுவிட்டு வர முடியவில்லை. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஃபாக்டரி மெயின்டெனன்ஸில் இருந்தவன்தானே, வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஆயிலை மட்டும் வாங்கி வந்தேன்.

அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பாகக் கொட்டியது. கருகின வாசனை. ஒரு தடவை வடித்தால் பாதிகூட வராது, மிச்சம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வடித்த அளவுக்குப் புதிதை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு கியராகப் போட வேண்டும். பிறகு மறுபடி வடிக்க வேண்டும், சிவப்பாக வரும்வரை. ஒருவர் உள்ளே உட்கார வேண்டும், ஒருவர் வெளியே நின்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வருகிறேன் என்று சொன்ன மேல்வீட்டுக் கோதண்டபாணி பல் டாக்டரிடம் போய்விட்டார்.

அம்மா கார் நிற்கும் பக்கமே வருவதில்லை. கபாலி கோயிலுக்குப் போனாலும் பின் கேட் வழியாகத்தான். பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டும் என்று போய்ச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. தலையணை எடுத்து வரட்டுமா என்றேன். "வேண்டாம், இதை முன்னாடி தள்ளுங்கோ" என்றாள். நான் அப்படியே நின்றேன். அவளே சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தேடி, லீவரை இழுத்தாள். கடக்கென்று முன்னால் வந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று நான் சொல்லச் சொல்லப் போட்டாள். வடித்தோம், ஊற்றினோம், திரும்பவும் வடித்தோம். மத்தியானத்துக்குள் சிவப்பாக வந்தது.

சாயங்காலம் சாந்தோம் வழியாக பீச் ரோடு வரை போனோம். உதறல் இல்லை. சிக்னலில் நிற்கும்போது, "கொடுத்துடலாம்" என்றாள். சாந்தோமில் டீச்சராக இருக்கும் சரண்யா என்ற பெண் எடுத்துக்கொள்கிறாள். ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க சார்" என்றாள். சரி என்றேன்.

இன்னொன்று. உன் ஆபீஸ் பரத்வாஜ் பெயர் வந்தால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். மாற்ற வேண்டாம். உனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் ரசம் வைத்துக் கொண்டுவந்ததாக ஒரு நாள் வாய்தவறிச் சொன்னாய். பருப்பு சேர்த்து வைத்தாரா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உனக்கு என்ன எழுதி முடிக்க என்று அவளைக் கேட்டேன். கல்யாணமான புதிதில் நீ நமஸ்காரம் பண்ணும்போதெல்லாம் சொல்வாளே, அதையே எழுதச் சொன்னாள். எழுதாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். "யோசிச்சுத்தான் சொல்றேன், எழுதுங்கோ" என்றாள்.

தீர்க்க சுமங்கலியாக இரு, குழந்தை.

இப்படிக்கு,
கஸ்தூரிரங்கன், ஜெயலக்ஷ்மி